எலுமிச்சை குத்திய ஏழு கத்திகள்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். வாத்தியார் பிரம்பை எடுத்தார், நான் சுவரேறிக் குதித்தேன், அத்தோடு படிப்பு முடிந்தது. அப்படிப்பட்டவன் கட்டியது என்னென்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காரைக்கால் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடை; கீற்றுக் கொட்டகையில் ஆரம்பித்து ஓட்டுக்கு மாற்றியது. கோவில்பத்தில் ஒரு வீடு; கொத்தனார் பாதியில் விட்டுப்போன சுவரை நானே நின்று எழுப்பியது. ஓர் ஆபரேஷன் மேசை. ஆம், ஆபரேஷன் மேசைதான். பழைய தேக்குக் கட்டிலில் சைக்கிள் செயினும் பெடலும் பூட்டிச் செய்தேன். பெடலைச் சுற்றினால் தலைமாடு இறங்கும், கால்மாடு ஏறும். செம்பு வெந்நீர் அண்டாவை அறுத்துத் தட்டி, மூடியும் குழாயும் வைத்து, ஆபரேஷன் சாமான்களை வேகவைக்கும் பெட்டி ஒன்று. உடைந்த பஸ்ஸின் முன்விளக்கைக் கழற்றி, பாட்டரியில் எரியும்படி செய்த விளக்கு ஒன்று. வெட்டிய இடத்தில் சதையை விலக்கிப் பிடிக்கும் கொக்கிகள் நான்கு. அதில் இரண்டு கப்பலேறி வந்த சாப்பாட்டுக் கரண்டிகள். சூட்டில் வளைத்து, விளிம்பை உருட்டி, விரல் வைத்தால் வழுக்கும்படி தேய்த்துக் கொடுத்தேன். கரண்டி என்று சொன்னால்தான் கரண்டி.

இவற்றில் ஒன்றைக்கூட எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. சைக்கிள்காரனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டவர்கள்தான் அதிகம். நாலு தடவை கேட்டார்கள். ஐந்தாவது தடவை கேட்க வந்தவருக்குக் குடல்வால் வீங்கியிருந்தது. என் மேசையில்தான் படுத்தார்.

டாக்டர் எங்கள் ஊர்க்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் சைகோனில் பல வருஷம் இருந்தவர். இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதற்கு மறு வருஷம் திரும்பி வந்து, ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, பத்துக் கட்டில் போட்டு ஆஸ்பத்திரி திறந்தார். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. வரும்போது கூடவே ஒரு தகரப்பெட்டி நிறைய ஆபரேஷன் சாமான்கள் கொண்டுவந்தார். கப்பலில் உப்புக்காற்று பட்டு, பாதி இறுகிப்போயிருந்தது.

அவர் என் கடைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கையில் ஒரு சாமான்: கத்தரி மாதிரி பிடி, ஆனால் வெட்டும் அலகு இல்லை. நுனியில் சின்னப் பல் வரிசை. பிடிக்குப் பக்கத்தில் மூன்று படி வைத்த பூட்டு. ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி என்றார். ஊரில் மூன்று பேரிடம் கொடுத்துப் பார்த்தாராம், ஒருவர் சுத்தியால் தட்டிப் பார்த்தாராம். நான் தட்டவில்லை. மண்ணெண்ணெயில் ஒரு பொழுது ஊறப்போட்டேன். இணைப்பைக் கழற்றாமல் அரைத்த சாம்பலும் எண்ணெயும் விட்டுத் திறந்து மூடி, திறந்து மூடி, வழிக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் டாக்டர் வந்து தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினார். இடுக்கியின் நுனியில் அதைக் கவ்வவைத்து இழுத்தார். முடி அறுந்தது, இடுக்கி விடவில்லை.

"மேஸ்திரி, நீங்க சைக்கிளப் பாத்தது போதும்," என்றார். அன்றிலிருந்து நான் மேஸ்திரி. காலையில் ஆஸ்பத்திரி, மாலையில் சைக்கிள்.

படித்தவர்கள் ஆபரேஷன் என்றால் கத்தி என்று நினைக்கிறார்கள். அது தப்பு. ஒரு தட்டில் முப்பது சாமான் இருந்தால் வெட்டுவது நாலைந்துதான். மற்றதெல்லாம் பிடிக்கும், விலக்கும், தாங்கும், தைக்கும். கத்தி தோலைத் திறந்ததும் ரத்தம் வரும். உடனே இடுக்கி போட்டுக் குழாயின் வாயைக் கவ்வ வேண்டும், பட்டு நூலால் கட்ட வேண்டும், பிறகு இடுக்கியை எடுக்க வேண்டும். தோலைப் பிடிக்கும் சிமிட்டா என்கிற சாமணத்துக்கு நுனியில் பல் உண்டு, ஏனென்றால் தோல் முரடு. குடலைப் பிடிக்கும் சிமிட்டாவுக்குப் பல் கிடையாது. பல் பட்டால் குடல் ஓட்டையாகிவிடும். குடலைக் குறுக்கே அடைக்கும் நீள இடுக்கிக்கு ரப்பர் குழாயில் சட்டை போட்டிருக்கும், கவ்வினாலும் காயம் படாமலிருக்க. வளைந்த ஊசியைக் கையால் பிடித்துத் தைக்க முடியாது, ஆழத்தில் கை போகாது. அதற்கென்று ஒரு பிடிப்பான். இவ்வளவும் எனக்கு ஒரே மாதத்தில் அத்துப்படி. டாக்டர் பழக்கத்தில் பிரெஞ்சில்தான் கேட்பார்: கத்திக்குப் பிஸ்தூரி, இடுக்கிக்குப் பேன்ஸ். நர்ஸம்மா எடுத்துக் கொடுப்பதற்குள் எது வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கும். நர்ஸம்மா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். நான் எழுதுவது என் நினைவு, அவர் நினைவை அவர் எழுதட்டும்.

கத்திகள் ஏழு. இப்போது மாதிரி கழற்றி எறியும் அலகு இல்லை. பிடியும் அலகும் ஒரே எஃகு. துருப்பிடிக்கும் எஃகுதான், ஆனால் கூர் நிற்கும். ஏழில் ஆறு எல்லாருக்கும் தெரிந்த மாதிரிக் கத்தி. ஏழாவதுதான் விசேஷம். அரிவாள் மாதிரி லேசாக உள்வளைந்திருக்கும், நுனி மொட்டை. கூர் உள்வளைவில் ஒரு நகக்கண் நீளத்துக்கு மட்டும். மொட்டை மூக்கன் என்று நான் பேர் வைத்தேன். குடல் இறங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தக் கத்திதான் வேண்டும். குடலை நெரிக்கும் வளையத்துக்கு அடியில் நுழைத்துத் திருப்பி, மேல்நோக்கி வளையத்தை மட்டும் அறுக்க வேண்டும். நுனி கூராக இருந்தால் அடியில் இருக்கும் குடலையே குத்திவிடும். அதனால் நுனிக்கு மொட்டை.

இவ்வளவு தெரிந்த நான்தான் அந்த வருஷம் ஒரு தப்புப் பண்ணினேன். மறைக்கப் போவதில்லை. வேறு யார் எழுதினாலும் இதைத்தான் முதலில் எழுதுவார்கள், நானே எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி திறந்த பிறகு வந்த முதல் ஆயுதபூசை. சைக்கிள் கடையில் ஸ்பேனருக்கும் பம்புக்கும் பொட்டு வைத்துப் பூசை போடுவது வழக்கம்தான். ஆஸ்பத்திரியில் இருக்கும் சாமானுக்கு முன்னால் அதெல்லாம் விளையாட்டு. உயிர் காக்கும் ஆயுதம், அதற்குப் பூசை இல்லையா? டாக்டரிடம் கேட்டேன். அவருக்கு இதிலெல்லாம் ஈடுபாடும் இல்லை, விரோதமும் இல்லை. அன்று ஆபரேஷன் ஏதும் குறித்திருக்கவில்லை. வைத்துக்கொள் என்றவர், ஒரு தட்டுச் சாமானை மட்டும் வேகவைத்து மூடித் தனியே வைத்துவிடு என்றும் சொன்னார்.

தனியே வைத்துத்தான் இருந்தேன். பூசை போடும் நேரத்தில் மனசு கேட்கவில்லை. கல்யாண வீட்டில் பந்தி போட்டுவிட்டு, நாலு பிள்ளையை மட்டும் பின்கட்டில் உட்காரவைத்த மாதிரி இருந்தது. அந்தத் தட்டில்தான் மொட்டை மூக்கனும் இருந்தான். அவனுக்குப் பூசை இல்லையென்றால் வேறு யாருக்கு? எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் பரப்பினேன். சரஸ்வதி படம், பொரி, கடலை, சுண்டல், வாழையிலை. ஒவ்வோர் இடுக்கிக்கும் இணைப்பில் சந்தனம், நடுவில் குங்குமம். கத்திகளுக்கு? அருவாளுக்கும் சூலத்துக்கும் எலுமிச்சம்பழம் குத்துவதுதானே முறை. ஆறு கத்தியின் நுனியிலும் ஆறு பழம் குத்தினேன். ஏழாவதற்கு மூக்கு மொட்டை, பழம் ஏறவில்லை. விடுவேனா? ஆணியால் பழத்தில் துளை போட்டு உள்ளே செலுத்தினேன். வெகு அழகாக இருந்தது.

நர்ஸம்மா கிறிஸ்தவர். பூசைக்கு அவரே மேசைத்துணி போட்டுக் கொடுத்தார், சுண்டலும் இரண்டு கை வாங்கிக்கொண்டார். பழத்தைப் பார்த்ததும் மட்டும் முகம் சுளித்தார். புளிப்பு எஃகுக்கு ஆகாதே என்றார். சாமிக்கு முன்னால் புளிப்பாவது இனிப்பாவது என்று நான் சொன்னேன். அதை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

காலை பத்து மணிக்குப் பூசை. பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதுவரை தொடக்கூடாது. எங்கள் கடையில் அன்று டயர் பஞ்சர் என்று வருகிறவரைக்கூடத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

மூன்று மணிக்கு ஒரு கட்டைவண்டி வந்து நின்றது. கருக்களாச்சேரியிலிருந்து ஒரு மீனவர். முப்பத்தைந்து வயதிருக்கும், இரும்பு உலக்கை மாதிரி உடம்பு. வண்டியில் முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு கிடந்தார். கூட அவர் மனைவி. மீன் விற்கிறவர், எங்கள் தெருவுக்கும் வருவார், அவர் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். அன்று குரலே இல்லை. புருஷனுக்கு அடித்தொடையில் பல வருஷமாகக் குடலிறக்கம். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவார். காலையில் படகைக் கரையில் இழுத்து ஏற்றும்போது குடல் இறங்கியிருக்கிறது, இந்தத் தடவை திரும்பப் போகவில்லை. நாலு தடவை வாந்தி.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். இரண்டு நிமிஷம் மெதுவாக அழுத்தித் தள்ளிப் பார்த்தார். உள்ளே போகவில்லை. அறைக்கு வெளியே வந்து என்னிடமும் நர்ஸம்மாவிடமும் சொன்னார்: குடல் நெரிந்து ஏழு மணி நேரம் ஆகிறது, ரத்தம் போகாமல் கறுத்துவிட்டால் குடலையே வெட்டியெடுக்க வேண்டும், அது அழுகி வயிற்றுக்குள் கசிந்தால் ஆள் பிழைக்க மாட்டார். வேறு இடத்துக்குத் தூக்கிப்போக நேரமில்லை. தனியே வைத்த தட்டைக் கொண்டுவா.

நான் பூசை மேசையைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன மேஸ்திரி?"

"அதுவும் பூசையில இருக்குங்க."

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான். எடு என்றார். எடுக்கத்தான் வேண்டும், தெரியும். கை வரவில்லை. நான் கும்பிட்டு வைத்தது. பாதியில் கலைத்தால் யாருக்கு என்ன ஆகுமோ? படுத்திருக்கிற ஆளுக்கே ஆகிவிட்டால்? படத்தைப் பார்த்தபடி மேசைக்கு முன்னால் நின்றேன்.

வாசற்படியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். நடந்ததெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. எழுந்து உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார், பொரியைப் பார்த்தார், பழம் குத்திய கத்திகளைப் பார்த்தார்.

"தம்பி, எங்க வூட்டு அருவாமணையும் பூசையிலதான் இருந்துச்சு," என்றார். "காலையில வலையில மீனு கெடந்துச்சு. அந்த அருவாமணைய எடுத்துத்தான் அரிஞ்சேன். ஆத்தாளுக்கு மீனு நாறப்போறது தெரியாதா? எடுங்க, நான் சொல்லிக்கிறேன் அவகிட்ட."

ஒரு மீன்காரம்மா எனக்காகச் சாமியிடம் சிபாரிசு சொல்கிறார். அதற்குமேல் நான் நின்றால் நான் மனுஷனா? கன்னத்தில் போட்டுக்கொண்டு தட்டை எடுத்தேன்.

எலுமிச்சம்பழத்தை உருவினேன். கத்தி கறுத்திருந்தது.

நுனியிலிருந்து ஒரு கட்டைவிரல் நீளத்துக்குக் கறுப்பு, மை தடவின மாதிரி. விரல் நகத்தில் கூரை வைத்துப் பார்த்தேன், வழுக்கியது. இரண்டாவது கத்தியும் அப்படியே. மூன்றாவதும். மொட்டை மூக்கனுக்குத் துளை போட்டு அழுத்திச் செருகினேன் அல்லவா, அவனுக்குத்தான் அதிகம். ஐந்து மணி நேரம் எலுமிச்சைச் சாற்றில் ஊறியிருக்கிறான். உள்வளைவில் இருந்த அந்த நகக்கண் நீளக் கூர் முழுக்கப் பொரிந்து கிடந்தது.

நர்ஸம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"புளிப்பாவது இனிப்பாவது," என்றார்.

டாக்டர் வந்து மொட்டை மூக்கனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் சைகோன் பட்டாளம் முழுதும் இருந்தது. தோலைத் திறக்கச் சவரப் பிளேடு போதும், சமாளித்துவிடுவேன் என்றார். ஆனால் வளையத்தைச் சவரப் பிளேடால் தொட முடியாது, குடல் போய்விடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பி இரவல் கேட்கலாமா என்று நர்ஸம்மா கேட்டார். போய், தேடி, வாங்கி, வந்து, வேகவைத்து எடுப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும் என்று டாக்டர் தலையை ஆட்டினார்.

"முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக எவ்வளவு நேரங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் சேத்து இருவது நிமிஷம்."

"அதுக்குள்ள குடுக்குறேன்."

கேட்கிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. கத்தி தீட்டுவதுதானே என்பார்கள். சாதாரணக் கத்தியைத் தட்டைக் கல்லில் தீட்டலாம், சாணைக்காரர் கூடச் செய்வார். உள்வளைவில் கூர் இருக்கிற கத்தியைத் தட்டைக் கல்லில் வைத்தால் இரண்டு முனையும் தேயும், நடு அப்படியே இருக்கும். சக்கரத்தில் வைத்தால் சூடேறி எஃகின் உறுதி போய்விடும். நானோ அந்தக் கத்தியைக் கண்ட மாதத்திலேயே ஓர் எண்ணெய்க் கல்லின் ஓரத்தை உரசி உரசி, சுண்டுவிரல் மாதிரி உருண்டையாக்கி வைத்திருந்தேன். என்றைக்காவது வேண்டியிருக்கும் என்று. அப்படி யோசிக்கிற ஆள் காரைக்காலில் அப்போது ஒருவன்தான்.

வெளிச்சம் நன்றாக விழும் பின்வாசலில் உட்கார்ந்தேன். முதலில் கறுப்பை எடுத்தேன். பிறகு கல்லில் ஒரே திசையில், அழுத்தாமல். முன்னும் பின்னும் இழுத்தால் ஓரம் மடங்கும். கல்லுக்கு மேல் கத்தி நடக்க வேண்டும், ஓடக்கூடாது. பொரிந்த இடம் போக, அடியில் நல்ல எஃகு வெளிப்பட்டது. பிசிறு எடுக்கத் தோல்வார் வேண்டும். தட்டையான வாரில் உள்வளைவு படாது. இடுப்பு பெல்ட்டைக் கழற்றி என் முழங்காலில் சுற்றி, அந்த வளைவில் தீட்டினேன். வேட்டி நழுவியது, நழுவட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளே டாக்டர் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு வேட்டியா முக்கியம்?

நடுவில் ஒரு கலவரம். நர்ஸம்மா இடுக்கி, கத்தரி, கொக்கி எல்லாவற்றையும் என் செம்புப் பெட்டியில் போட்டுக் கொதிக்கவைத்திருந்தார். துருப்பிடிக்காமலிருக்கத் தண்ணீரில் சோடா உப்புப் போடுவது வழக்கம். சோடா உப்பும் குங்குமத்து மஞ்சளும் சேர்ந்தால் என்ன ஆகும்? முதல் தண்ணீரைக் குழாய் திறந்து விட்டதும் பின்வாசல் சாக்கடையில் செக்கச்செவேலென்று ஓடியது. அந்தப் பக்கம் வந்த மீன்காரம்மா அதைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அறுத்துட்டாங்களா தம்பி?"

"இன்னும் இல்லக்கா. அது பூசைக் குங்குமம். கத்தி எங்கிட்டதான் இருக்கு, பாருங்க."

அவர் என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். பிறகு என் வேட்டியைப் பார்த்தார். அந்த நேரத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். இரண்டாம் தண்ணீர் ரோஜா நிறம். மூன்றாம் தண்ணீர்தான் வெள்ளை. இணைப்புகளில் காய்ந்த சந்தனத்தை நர்ஸம்மா தென்னை ஈர்க்கால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தார். ஒவ்வொரு குத்துக்கும் எனக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. அதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை.

கூர் வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? பூசையிலிருந்த வாழையிலையில் இளம் பகுதியாக ஒரு துண்டு கிழித்தேன். ஒரு கையில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, கத்தியின் உள்வளைவை அதன் ஓரத்தில் மாட்டி, கையை இலேசாக்கினேன். அழுத்தவில்லை; கத்தியின் பாரம் மட்டும். இலை இரண்டாகி ஒரு பாதி கீழே விழுந்தது. ஓரம் கிழியவில்லை, நார் தொங்கவில்லை. இன்னும் ஒரு கத்தியும் அதே மாதிரி முடித்தேன். கூரான சாமானை வேகவைத்தால் கூர் மழுங்கும் என்பதால் இரண்டையும் கார்பாலிக் மருந்தில் முக்கி உள்ளே அனுப்பினேன். ஊசி போட்டுப் பதினெட்டாவது நிமிஷம். நர்ஸம்மா கடிகாரம் பார்த்தார், ஆனால் சொல்ல மாட்டார்.

அதன் பிறகு கை கழுவி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு என் பஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் வழக்கமான இடம். மீனவர் விழித்துத்தான் இருந்தார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. அவர் என்னிடம் மெதுவாக, இந்த விளக்கு எந்த பஸ்ஸில் இருந்தது என்று கேட்டார். சொன்னேன். அந்த பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட நேரத்துக்கு வந்ததில்லை என்றார். டாக்டர் முகத்துணிக்குள் சிரித்தது தெரிந்தது.

சாதாரணக் கத்தி தோலில் இறங்கியது. இடுக்கிகள் ஒன்று, இரண்டு, ஐந்து. நூல் கட்டினார், கழற்றினார். என் கரண்டிக் கொக்கிகளால் நர்ஸம்மா இரண்டு பக்கமும் விலக்கிப் பிடித்தார். உள்ளே ஒரு பையைத் திறந்ததும் குடல் தெரிந்தது. நான் குடல் பார்த்திருக்கிறேன், ரோஜா நிறத்தில் பளபளவென்று இருக்கும். இது நாவல்பழம் மாதிரி இருந்தது. அதன் கழுத்தில் வெள்ளை நார் வளையம், மோதிரம் மாட்டி வீங்கின விரல் மாதிரி.

டாக்டர் கையை நீட்டினார். மொட்டை மூக்கன் போனான்.

சுண்டுவிரலை வளையத்துக்கு அடியில் மெல்லக் கொடுத்து, விரலின் மேலேயே கத்தியைப் படுக்கையாக நுழைத்தார். திருப்பினார். விளக்கு ஆடவில்லை, அதை நர்ஸம்மாவே பிற்பாடு ஒப்புக்கொண்டார். டாக்டர் இழுக்கவில்லை, அறுக்கவில்லை, கத்தியை லேசாக நிமிர்த்தினார். வளையம் விட்டுக்கொடுத்தது. சத்தமே இல்லை. கத்தியைத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. கத்தி சரியில்லையென்றால்தான் டாக்டர் கத்தியைப் பற்றிப் பேசுவார். பேசாமல் கொடுத்தால் அதுதான் சர்டிபிகேட்.

பிறகுதான் பெரிய சோதனை. குடலை வெளியே இழுத்து, வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் நனைத்த துணியால் போர்த்தினார். காத்திருக்க வேண்டும். நிறம் திரும்பினால் ஆள் பிழைத்தார். திரும்பாவிட்டால் அவ்வளவு நீளத்தையும் வெட்டி ஒட்ட வேண்டும், இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அது எந்த அளவுக்கு நடக்கும் என்று டாக்டரின் கண்ணிலேயே எழுதியிருந்தது. துணி ஆறியதும் நர்ஸம்மா மாற்றினார். இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை துணியை எடுத்தபோது நாவல்பழத்துக்கு நடுவே ஓர் இடம் சிவந்திருந்தது. விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். சிவப்பு பரவியது, விடியற்காலைக் கடல் மாதிரி ஓரத்திலிருந்து உள்நோக்கி. குடல் புழு மாதிரி ஒரு நெளி நெளிந்தது. டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். பல் இல்லாத சிமிட்டாவால் மெல்ல மெல்ல உள்ளே அனுப்பிவைத்தார், ஓட்டையை இறுக்கித் தைத்தார்.

வெளியே வந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் இரண்டே வார்த்தை சொன்னார். முதல் வார்த்தை பிரெஞ்சில் ஒரு வசவு. இரண்டாவது, நன்றி: "மெர்சி."

"அடுத்த வருஷம் பொரி மட்டும் வைங்க மேஸ்திரி," என்றார் நர்ஸம்மா.

அடுத்த வருஷமும் பூசை போட்டேன். எலுமிச்சம்பழத்தைத் தனியாக ஒரு தட்டில் வைத்தேன், கத்திகளுக்கு எண்ணெய் தடவினேன், ஒரு தட்டுச் சாமானை வேகவைத்து மூடி டாக்டர் அறையிலேயே பூட்டிவைத்தேன். பாதியில் கலைத்த பூசைக்கு மறுநாளே அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, சொல்லவேண்டியதைச் சொல்லி மறுபூசை போட்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மீன்காரம்மா சொல்லிவைத்திருப்பார்.

மீனவர் பன்னிரண்டாம் நாள் நடந்து போனார். படகு இழுக்கக் கூடாது என்றார் டாக்டர்; ஆறு மாதம் இழுக்கவில்லை, பிறகு எண்பது வயது வரை இழுத்தார். வாரம் ஒரு தடவை டாக்டர் வீட்டுக்கு வாளையோ வஞ்சிரமோ போகும். நர்ஸம்மாவுக்கு இறால். எனக்கு? சிரிப்பு வந்து சேரும். மீன்காரம்மா என்னைத் தெருவில் எங்கே பார்த்தாலும், "வேட்டி இறுக்கமா இருக்கா தம்பி?" என்பார். நாலு தெருவுக்குக் கேட்கும்.

போன மாதம் அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணம். மீனவரின் பேரன்தான் மாப்பிள்ளை, துபாயிலிருந்து வந்திருந்தான். கூடத்தில் டாக்டரின் படம் பெரிதாக மாட்டி, சந்தனமாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் அம்மன் படம். அடியில் அழகான எழுத்தில், எங்கள் குலத்தைக் காத்த தெய்வங்கள் என்று போட்டிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் மாப்பிள்ளையின் தகப்பனார் கதை சொன்னார். டாக்டர் வந்தார், கத்தியை எடுத்தார், அப்பா பிழைத்தார். நான் பந்தியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் கத்தி? யார் கையில் இருந்து வந்த கத்தி? அதற்குக் கதையில் இடமே இல்லை. நான் யார் என்று ஒரு பையன் கேட்டான். சைக்கிள் கடைத் தாத்தா என்று இன்னொருவர் சொன்னார். பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

டாக்டரைக் குறைத்துச் சொல்ல நான் பிறக்கவில்லை. அவர் விரல் இல்லையென்றால் என் கூரால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் என் கூர் இல்லாமல் அவர் விரல் என்ன செய்திருக்கும்? சவரப் பிளேடோடு அந்த வளையத்தின் முன்னால் நின்றிருக்கும். அந்தப் பேரனும் இல்லை, அந்தக் கல்யாணமும் இல்லை, அந்தப் பாயசமும் இல்லை.

கத்தியைக் கறுக்கவைத்ததே நீதானே என்று கேட்பார்கள். ஆமாம். கறுக்கவைத்தவனும் நான், வெளுக்கவைத்தவனும் நான். இரண்டையும் எழுதட்டும், எனக்கு வெட்கமில்லை. எலுமிச்சம்பழத்தையும் எழுதட்டும், வேட்டியையும் எழுதட்டும். அந்தக் குடும்பத்தாருக்கு இந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். டாக்டர் படத்துக்கு அடியில் இன்னும் நாலு விரல் இடம் இருக்கிறது, அளந்துவிட்டுத்தான் வந்தேன். அங்கே, அன்று கத்தி தீட்டிக் கொடுத்தவர் இன்னார் என்று, என் பேரையும் என் தகப்பனார் பேரின் முதலெழுத்தையும் சேர்த்து, படிக்கும்படியான எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்.